மாசம் ரூ.25 ஆயிரம் சம்பளம்... தனி ஆளா சென்னையில் எங்கே தங்கலாம்? தாம்பரம் டு செங்கல்பட்டு முழு கணக்கு!

சென்னையில் வேலை கிடைச்சாச்சு. கைக்கு வரும் சம்பளம் மாதம் 25 ஆயிரம் ரூபாய். அடுத்த கேள்வி ஒண்ணுதான்: எங்கே தங்குறது?

குடும்பமாக வருபவர்களுக்கு வாடகை, வைஃபை, கேஸ், தண்ணி கேன் என எல்லாச் செலவும் இரண்டு சம்பளத்திலோ, நாலு பேர் தலையிலோ பிரியும். தனி ஆளுக்கு அப்படி இல்லை. மொத்தமும் ஒரே தலையில் விழும். அட்வான்ஸும் அதே தலையில்தான். அதனால் தனியாக வாழ்பவர்கள் 'வாடகை எங்கே கம்மி?' என்று மட்டும் கேட்டால் கணக்கு தப்பிவிடும். எங்கே தங்கினால் மாதக் கடைசியில் கையில் காசும் உடம்பில் தெம்பும் மிச்சம் இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

தென் மாவட்டங்களில் இருந்து சென்னைக்கு வருபவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது தாம்பரத்தையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளையும்தான். அது சரியான தேர்வா? யாருக்குச் சரி, யாருக்குச் சரிவராது? விரிவாகப் பார்க்கலாம்.

தாம்பரம் ஏன்?

ஒரு காலத்தில் சென்னைக்குத் தனியாக வந்தவர்களின் முகவரி திருவல்லிக்கேணி மேன்ஷன்கள். வேலை மவுண்ட் ரோட்டிலும் பாரிமுனையிலும் இருந்த காலம் அது. பிறகு வேலை இடங்கள் கிண்டி, ஓஎம்ஆர், ஒரகடம், மறைமலைநகர் என்று தெற்கே நகர்ந்தன. தங்கும் இடங்களும் கூடவே நகர்ந்தன.

தாம்பரத்தின் பெரிய பலம் ரயில். கடற்கரை - தாம்பரம் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் பாரிமுனைப் பக்கமிருந்து இங்கே இடம் மாறியது. சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ் 1984-ல் வந்தது. அதாவது, இது நேற்று முளைத்த புறநகர் இல்லை. மெஸ், லாண்டரி, மெடிக்கல் ஷாப், ராத்திரி டிபன் கடை என்று தனி ஆளுக்குத் தேவையானவை எல்லாம் ஸ்டேஷனைச் சுற்றியே இருக்கின்றன. சமைக்கத் தெரியாதவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். தாம்பரம் பேச்சுவழக்கில்தான் 'சென்னை'. நிர்வாக ரீதியாக இது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. குப்பை, தெருவிளக்கு, சாக்கடை என்று எந்தப் புகாராக இருந்தாலும் போக வேண்டியது சென்னை மாநகராட்சிக்கு இல்லை, இங்கேதான்.

வாடகை கம்மின்னா செலவும் கம்மியா?

இல்லை. ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வேலை கிண்டியில், மாதம் 25 நாள் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள வாடகை, சாப்பாடு, ஆட்டோ தொகைகள் எல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. நீங்கள் பார்க்கும் வீட்டின் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

வழி 1: கிண்டி பக்கத்திலேயே பிஜி, டூ ஷேரிங், சாப்பாட்டுடன்
• பிஜி கட்டணம் ரூ.10,000
• வெளியே டீ, டிபன் ரூ.1,500
• போக்குவரத்து ரூ.300
• மொத்தம் ரூ.11,800

வழி 2: தாம்பரம் ஸ்டேஷனில் இருந்து நடக்கும் தூரத்தில் தனி ரூம்
• வாடகை ரூ.8,000
• கரன்ட், தண்ணி, மெயின்டனன்ஸ் ரூ.1,000
• சாப்பாடு ரூ.5,000
• ரயில் ரூ.250
• மொத்தம் ரூ.14,250

வழி 3: கூடுவாஞ்சேரியில், ஸ்டேஷனில் இருந்து 3 கி.மீ. உள்ளே தனி ரூம்
• வாடகை ரூ.6,000
• கரன்ட், தண்ணி, மெயின்டனன்ஸ் ரூ.1,000
• சாப்பாடு ரூ.5,000
• ரயில் ரூ.500
• ஷேர் ஆட்டோ ரூ.1,000
• மொத்தம் ரூ.13,500

வழி 4: தாம்பரத்தில் இரண்டு பேர் சேர்ந்து ரூ.13,000-க்கு ஒரு வீடு
• உங்கள் பங்கு வாடகை ரூ.6,500
• கரன்ட், தண்ணி ரூ.700
• சேர்ந்து சமைத்தால் சாப்பாடு ரூ.4,000
• ரயில் ரூ.250
• மொத்தம் ரூ.11,450

இரண்டாவது வழியையும் மூன்றாவது வழியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாடகையில் 2,000 ரூபாய் வித்தியாசம். ஆனால் மாத முடிவில் மிச்சமாவது 750 ரூபாய்தான். அந்த 750 ரூபாய்க்காக தினமும் போக அரை மணி நேரம், வர அரை மணி நேரம் கூடுதலாகச் செலவானால் மாதம் 25 மணி நேரம். உங்கள் ஒரு மணி நேரத்தை 30 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று அர்த்தம்.

'ஆட்டோ வேண்டாம், தவணையில் பைக் வாங்கிடலாம்' என்று முடிவெடுத்தால்? தவணை ரூ.3,000, பெட்ரோல் ரூ.1,000 என்று வைத்தாலே மூன்றாவது வழியின் செலவு ரூ.16,500 ஆகிவிடும். 'விலை குறைந்த' வீடுதான் நாலு வழியிலும் காஸ்ட்லியான வீடாகிறது.

இந்தக் கணக்கு சொல்வது இதுதான்: முதலில் ஸ்டேஷனை முடிவு பண்ணுங்க, அப்புறம் ஸ்டேஷனில் இருந்து நடக்கும் தூரத்தை முடிவு பண்ணுங்க, கடைசியாக வாடகையைப் பாருங்க. ஸ்டேஷனுக்கு 10 நிமிட நடையில் இருக்கும் வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுத்தாலும் பல நேரங்களில் அது நஷ்டம் இல்லை.

தாம்பரத்துக்கு முன்னாடியா? பின்னாடியா?

கிண்டியில் இருந்து தெற்கே வந்தால் பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம். அதைத் தாண்டினால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில், பரனூர், செங்கல்பட்டு.

டிக்கெட் விலை இந்த வழித்தடத்தில் ஒரு பிரச்னையே இல்லை. சாதாரண மின்சார ரயிலில் தாம்பரம் - கிண்டி ரூ.5, தாம்பரம் - கடற்கரை ரூ.10. தினமும் போகிறவர்கள் சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் குறையும். 2025 ஏப்ரல் 19 முதல் இந்தப் பாதையில் ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது. அதில் குறைந்தபட்சக் கட்டணமே ரூ.35, கடற்கரையில் இருந்து செங்கல்பட்டு வரை ரூ.105 என்று தொடங்கப்பட்டது. தினசரி பயணத்துக்கு அதை நம்பி பட்ஜெட் போட்டால் மாதக் கணக்கு எகிறிவிடும்.

உண்மையான வித்தியாசம் ரயிலின் எண்ணிக்கையில் இருக்கிறது. கடற்கரையில் இருந்து புறப்படும் பல ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வரை போவது அதில் ஒரு பகுதிதான். தாம்பரத்தில் ஒரு ரயிலை விட்டால் அடுத்தது சீக்கிரம் வந்துவிடும். பொத்தேரியிலோ சிங்கப்பெருமாள்கோவிலிலோ விட்டால் காத்திருப்பு கூடும். ஞாயிற்றுக்கிழமை அட்டவணையில் ரயில்கள் இன்னும் குறைவு.

அதனால் தாம்பரத்தைத் தாண்டி வீடு பார்ப்பவர்கள் வாடகை பேசுவதற்கு முன், தங்கள் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு அந்த ஸ்டேஷனுக்கு ரயில் இருக்கிறதா, கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட வேண்டும். இரவு 11 மணிக்கு வேலை முடிப்பவருக்கு ஊரப்பாக்கத்து மலிவு வாடகை, மாதத்தில் பத்து நாள் கால் டாக்ஸி எடுத்தாலே கரைந்துவிடும்.

உங்க ஆபீஸ் எங்கே? ஏரியா மாறும்!

ரயில் பாதையை ஒட்டிய வேலை என்றால்தான் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தும். மற்றவர்களுக்கு இப்படி:

• கிண்டி, சைதாப்பேட்டை, தி.நகர், எழும்பூர்: குரோம்பேட்டை முதல் பெருங்களத்தூர் வரை எந்த ஸ்டேஷனும் ஓகே. கிளம்பும் இடம் தாம்பரமாக இருந்தால், அங்கிருந்தே புறப்படும் ரயிலில் காலையில் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

• ஓஎம்ஆர் (சோழிங்கநல்லூர், சிறுசேரி): தாம்பரத்தில் இருந்து ஓஎம்ஆருக்கு நேரடி ரயில் இல்லை. சேலையூர், மேடவாக்கம் வழியாகப் பஸ்ஸிலோ பைக்கிலோதான் போக வேண்டும். வண்டலூர் பக்கம் இருப்பவர்களுக்கு வண்டலூர் - கேளம்பாக்கம் சாலை. தூரம் மேப்பில் சின்னதாகத் தெரியும், காலை 9 மணி டிராபிக் வேறு கதை. ஆபீஸ் கேப் இல்லாவிட்டால் தாம்பரத்தைவிட மேடவாக்கம், பெரும்பாக்கம், நாவலூர் பக்கம் பிஜி பார்ப்பது நல்லது.

• ஒரகடம், படப்பை: மேற்கு தாம்பரத்தில் இருந்து முடிச்சூர் வழியாகப் போகும் சாலைதான் பாதை. கம்பெனி பஸ் எங்கே நிற்கும் என்று எச்.ஆரிடம் கேட்டுவிட்டு, அந்த ஸ்டாப்பிங் பக்கத்தில் வீடு தேடுங்கள்.

• மறைமலைநகர், மகேந்திரா சிட்டி: இங்கே வேலை என்றால் தாம்பரத்தில் தங்க வேண்டிய அவசியமே இல்லை. கூடுவாஞ்சேரி முதல் செங்கல்பட்டு வரை பார்க்கலாம். மகேந்திரா சிட்டிக்குப் பக்கத்து ஸ்டேஷன் பரனூர்.

கிழக்கா, மேற்கா? மழைக்காலத்தில் கேளுங்க

தாம்பரத்தை ரயில் பாதை இரண்டாகப் பிரிக்கிறது. சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் எல்லாம் கிழக்கு. முடிச்சூர் மேற்கு. வேலைக்கு எந்தப் பக்கம் போகிறீர்களோ அந்தப் பக்கமே வீடு பார்த்தால் தினமும் பாதையைத் தாண்டும் தலைவலி இல்லை.

அதைவிட முக்கியம் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் அடையாறு ஆற்றை ஒட்டியவை. 2015 வெள்ளத்தில் இங்கே படகில் மக்களை மீட்க வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பகுதிகளில் தண்ணீர் சூழ்ந்தது. கிழக்கே சிட்லபாக்கம், செம்பாக்கம், சேலையூர் எல்லாம் ஏரிகளை ஒட்டி வளர்ந்த ஊர்கள்.

இதனால் அந்தப் பகுதிகளுக்கே போகக் கூடாது என்று அர்த்தம் இல்லை. ஒரே ஏரியாவில் ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெரு மேடாக இருக்கும். வாடகை மட்டும் சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால், அது கிரவுண்ட் ஃப்ளோரா என்று பாருங்கள். வீட்டு ஓனரைக் கேட்காதீர்கள். தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம், "அண்ணா, 2015-ல, 2023-ல இங்க எவ்ளோ தண்ணி நின்னுச்சு?" என்று கேளுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறையையும் பாருங்கள். தனி ஆளுக்கு லேப்டாப், சர்டிபிகேட், மெத்தை எல்லாம் ஒரே அறையில்தான் இருக்கும். ஒரு ராத்திரித் தண்ணீர் போதும், ஒரு வருஷம் மிச்சம் பிடித்த வாடகை போய்விடும்.

பிஜியா, ஷேரிங்கா, தனி ரூமா?

சென்னைக்குப் புதிதாக வருபவர் முதல் மூன்று மாதம் பிஜியில் இருப்பதுதான் பாதுகாப்பான வழி. காரணம் சாப்பாடு மட்டும் இல்லை, உள்ளே நுழையும் செலவு.

நம்முடைய உதாரணத்தையே எடுப்போம். ரூ.8,000 வாடகை தனி ரூமுக்கு 5 மாத அட்வான்ஸ் என்றால் ரூ.40,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை ரூ.8,000. முதல் மாத வாடகை ரூ.8,000. மொத்தம் ரூ.56,000. பாத்திரம், பாய், கேஸ் அடுப்பு எல்லாம் இன்னும் வாங்கவே இல்லை. அதற்குள் இரண்டு மாதச் சம்பளம் தாண்டிவிட்டது! ஒரு மாத அட்வான்ஸ் கேட்கும் பிஜியில் அதே ஆள் ரூ.20,000-ல் உள்ளே போய்விடலாம். புரொபேஷன் முடியாத வேலை, எந்த ஆபீஸுக்கு அனுப்புவார்கள் என்று தெரியாத வேலை என்றால் அட்வான்ஸில் காசை முடக்காதீர்கள்.

பிஜியில் சேரும் முன் கேட்க வேண்டியவை:

• காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும்? அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள்?
• ஞாயிறு இரவு சாப்பாடு உண்டா? ஊருக்குப் போகும் நாட்களுக்குக் கழிவு உண்டா?
• கரன்ட் பில் சேர்த்தா, தனியா?
• ஒரு பாத்ரூமுக்கு எத்தனை பேர்?
• 'ஜிஎஸ்டி தனி' என்று சொல்கிறார்களா? ஒரு நபருக்கு மாதம் ரூ.20,000 வரை, தொடர்ந்து குறைந்தது 90 நாள் தங்கும் விடுதிகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு தர 2024 ஜூனில் நடந்த 53-வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் பரிந்துரைத்து, அது நடைமுறைக்கும் வந்தது. நீண்ட நாள் தங்குபவரிடம் ஜிஎஸ்டி கேட்டால் இதைச் சொல்லி விளக்கம் கேளுங்கள்.

மூன்று மாதத்தில் ஆபீஸில் ஒத்துப்போகும் ஒரு நண்பரோ தோழியோ கிடைத்தால், நாலாவது வழிதான் செலவு குறைவு. தனி ரூம் தப்பே இல்லை. ஆனால் நம் உதாரணத்தில் பிஜியைவிட அதற்கு மாதம் ரூ.2,450 கூடுதல். உங்களுக்குத் தனிமை அந்த விலைக்குப் பெறுமா என்று நீங்களே முடிவு செய்யலாம். இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்க வேண்டியவருக்குக் கண்டிப்பாகப் பெறும்.

பெண்களுக்கு என்ன வசதி?

தனியாக வேலைக்கு வரும் பெண்களுக்கு தமிழக அரசின் 'தோழி' விடுதிகள் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருக்கின்றன. மாதக் கணக்கில் மட்டும் இல்லை, இன்டர்வியூவுக்கு வருபவர்கள் நாள் கணக்கிலும் தங்கலாம். ஆன்லைனில் முன்பதிவு செய்யும் வசதி உண்டு. தேடலை இங்கிருந்து தொடங்குவது நல்லது.

தனியார் விடுதி என்றால், லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. அதன்படி லைசென்ஸ் இல்லாமல் பெண்கள் விடுதி நடத்தக் கூடாது. 'லைசென்ஸ் காட்டுங்க' என்று கேட்டால் கோபப்படும் இடம் உங்களுக்கு வேண்டாம்.

சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமில்லா பயணம் வந்தது. ஸ்டேஷனில் இருந்து வீடு கொஞ்சம் தள்ளி இருந்தாலும், அந்த வழியில் இந்தப் பேருந்து ஓடினால் ஷேர் ஆட்டோ செலவு மிச்சம். வீடு பார்க்கப் போகும்போது பகலில் ஒருமுறை, நீங்கள் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் ஒருமுறை, ஸ்டேஷனில் இருந்து வீடு வரை நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, கடைகள் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பது இரண்டாவது முறைதான் தெரியும். பெண்கள் உதவி எண் 181.

'பேச்சிலர்ஸுக்கு வீடு இல்ல'... சட்டம் என்ன சொல்லுது?

டூ-லெட் போர்டில் 'ஃபேமிலி ஒன்லி' என்று எழுதியிருப்பதைப் பார்க்காமல் தென்சென்னையில் யாரும் வீடு தேடியிருக்க முடியாது. ஓனர் யாருக்கு வாடகைக்குக் கொடுக்க வேண்டும் என்று வாடகைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் வீடு கொடுத்த பிறகு உங்களுக்கு உரிமைகள் உண்டு. திருமணம் ஆனவர், ஆகாதவர் என்ற வித்தியாசம் அங்கே கிடையாது.

1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் என்பது அதன் பெயர். தனி ஆளுக்கு முக்கியமானவை நாலு:

• அட்வான்ஸ்: மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பதுதான் பொது விதி. ஆனால் இரண்டு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அது செல்லும். இந்த ஓட்டையில்தான் 5 மாதம், 10 மாதம் எல்லாம் நடக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு சட்டத்தைக் காட்டிப் பயன் இல்லை. பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்னால்.

• திருப்பித் தருவது: வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். 'பெயின்டிங் சார்ஜ் ஒரு மாத வாடகை' என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முன்பே படியுங்கள்.

• பதிவு: ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். 11 மாத ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும். இதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது. பதிவு இல்லாவிட்டால் தகராறு வரும்போது உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும்.

• கரன்ட், தண்ணி: சண்டை வந்துவிட்டது என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ ஓனர் நிறுத்த முடியாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் புகார் செய்யலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஓனரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டை உள்வாடகைக்கு விட முடியாது. நாளைக்கு ரூம்மேட் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இரண்டு பேர் பெயரையும் ஒப்பந்தத்தில் போடுங்கள். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், அவர் வேலை மாறிப் போகும் நாளில் மற்றவர் அட்வான்ஸுக்கு அலைய வேண்டியிருக்கும். அட்வான்ஸையும் வாடகையையும் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவோ யுபிஐயிலோ அனுப்புங்கள். பின்னால் அதுதான் சாட்சி.

கரன்ட், தண்ணி, கேஸ்: கண்ணுக்குத் தெரியாத செலவு

வீட்டு மின் இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை 2016-ல் வந்தது. ஆனால் வாடகைக்கு இருப்பவருக்கு அது கிடைக்குமா என்பது வீட்டைப் பொறுத்தது. உங்கள் போர்ஷனுக்குத் தனி மீட்டர் இருந்தால் கிடைக்கும். ஒரே மீட்டரில் மூன்று போர்ஷன் ஓடினால் மொத்த யூனிட் ஏறும், அதற்கேற்ப ஸ்லாப் ரேட்டும் ஏறும். ஓனர் 'யூனிட்டுக்கு இத்தனை ரூபாய்' என்று ஒரே ரேட் வைத்திருந்தால் இலவச யூனிட் உங்கள் கைக்கு வராது. 'தனி மீட்டரா? பில் பார்த்துக் கட்டலாமா?' என்ற கேள்வியை வாடகை பேசும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

தண்ணீரும் அப்படித்தான். குழாய் வருமா, போர் தண்ணியா, உப்பா, கோடையில் லாரி தண்ணி வாங்கினால் அதை யார் தலையில் போடுவார்கள்? குடிக்க கேன் தண்ணீர் வாங்க வேண்டும் என்றால் மாடி எண்ணையும் பாருங்கள், லிப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு கேன் ஏற்றத் தனிக் காசு கேட்பார்கள்.

கேஸ் இணைப்புக்கு முகவரிச் சான்று இல்லையா? 5 கிலோ சின்ன சிலிண்டரை அடையாள அட்டையைக் காட்டியே வாங்கலாம், முகவரிச் சான்று தேவையில்லை. மானியம் கிடையாது. ஆனால் ஒரு ஆள் சமையலுக்குத் தாராளம்.

'சார், மெட்ரோ வருது!'

வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கம் வீடு பார்த்தால் இந்த வசனத்தைக் கேட்காமல் திரும்ப முடியாது. விமான நிலையத்தில் இருந்து கிளாம்பாக்கம் வரை சுமார் 15.5 கி.மீ. மெட்ரோவை நீட்டிக்கும் திட்டம் இருப்பது உண்மை. ஆனால் வாடகைக்கு இருப்பவர், ஓடாத ரயிலுக்கு இன்றே காசு கொடுக்க வேண்டியதில்லை. நாளைக்கு மெட்ரோ ஓடினால் நிலத்தின் மதிப்பு ஓனருக்குக் கூடும், உங்களுக்குக் கூடப்போவது வாடகைதான்.

ஏற்கெனவே வந்துவிட்டது கிளாம்பாக்கம் பேருந்து முனையம். 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. தென் மாவட்டங்களுக்கு அரசு விரைவுப் பேருந்துகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. எழும்பூரில் இருந்து தெற்கே போகும் பெரும்பாலான ரயில்களும் தாம்பரத்தில் நிற்கும். மாதம் ஒருமுறை மதுரைக்கோ நெல்லைக்கோ போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருபவருக்கு இது பெரிய விஷயம். வெள்ளிக்கிழமை ராத்திரி வடசென்னையில் இருந்து கிளம்பி இங்கே வந்து சேரும் நேரமும் ஆட்டோ காசும் அப்படியே மிச்சம்.

சென்னையே வேண்டாம்... கோவை, திருச்சி போலாமா?

வீட்டிலிருந்தே வேலை என்று எழுத்தில் கொடுத்திருந்தால் தாராளமாக யோசிக்கலாம். திருச்சியிலோ மதுரையிலோ இதே வாடகைக்கு இன்னும் பெரிய வீடு கிடைக்க வாய்ப்பு அதிகம், ஆபீஸ் போகும் தூரம் என்ற செலவே இல்லை. ஆனால் வேலை மாற்றும் எண்ணம் இருந்தால் ஒன்றை யோசிக்க வேண்டும். ஒரு கம்பெனி போனால் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறதா? கிண்டி, மெப்ஸ், மறைமலைநகர், ஒரகடம் என்று நாலு பக்கமும் வேலை இருக்கும் இடத்தில் வீடு மாறாமலே வேலை மாறலாம். தனி ஆளுக்கு வேலை போனால் தாங்கிப் பிடிக்க வீட்டில் இரண்டாவது சம்பளம் இல்லை. தாம்பரம் வழித்தடத்தின் மதிப்பை வாடகையில் மட்டும் அளக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் கடைசி செக்லிஸ்ட்

• வாடகை + கரன்ட், தண்ணி + சாப்பாடு + பயணம்: நாலையும் கூட்டுங்கள். சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் ஷேரிங்கை யோசியுங்கள்.
• உங்கள் ஷிப்ட் நேரத்தில் ஆபீஸில் இருந்து வீடு வரை ஒருமுறை பயணம் செய்து பாருங்கள்.
• 2015, 2023 மழையில் தெருவில் தண்ணீர் நின்றதா என்று பக்கத்துக் கடையில் கேளுங்கள்.
• தனி மீட்டரா என்று உறுதி செய்யுங்கள்.
• விருந்தாளி, இரவு வரும் நேரம், அசைவச் சமையல் பற்றி ஓனரின் கண்டிஷன்களை முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குடிவந்த பிறகு வரும் சண்டைகளில் பல இந்த மூன்றில்தான்.
• ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் தொகை, பிடித்தம், நோட்டீஸ் காலம் மூன்றும் எண்ணிலும் எழுத்திலும் இருக்கட்டும். பதிவு செய்யுங்கள்.
• குடிவரும் நாளில் சுவர், குழாய், சுவிட்ச் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளில் அட்வான்ஸைக் காப்பாற்ற அது உதவும்.
• பக்கத்து அரசு மருத்துவமனை எது, உடம்பு சரியில்லை என்றால் சாவி யாரிடம் இருக்கும்? 108-ஐ அழைக்கவும் ஒருவர் வேண்டும். பக்கத்து வீட்டில் ஒருவருடைய நம்பரை முதல் வாரமே வாங்கி வையுங்கள்.

இதில் ஒன்றிரண்டுக்குப் பதில் சரியில்லை என்றாலும் வீட்டை விட்டுவிட வேண்டும் என்பதில்லை, வாடகையைக் குறைத்துப் பேச அது ஒரு காரணம். ஆனால் பயண நேரமும் மழைத் தண்ணீரும் சரியில்லை என்றால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். அந்த இரண்டையும் நீங்கள் குடிபோன பிறகு மாற்ற முடியாது.